குசினி மூலைக்குக் கீழே ஒரு பங்கர்

என் மகனுக்கு,

நீ அனுப்பிய பிளான் கைக்கு வந்து மூன்று கிழமையாகிறது. வடிவான பிளான். கோடுகளெல்லாம் நேராக, அறைக்கு அறை அளவு எழுதி, நான் சமைக்கிற குசினிச் சுவரோடு ஒட்டி வாவிப் பக்கமாக இரண்டு அறை, அதற்குப் பின்னால் நிரப்பின மண் சரியாமல் தாங்குவதற்கு ஆளுயரச் சுவர் ஒன்று. யன்னலைத் திறந்தால் வாவி தெரியும் என்று ஓரத்தில் எழுதியும் இருக்கிறாய். உன் தங்கச்சி சுபா அதை எத்தனை தரம் விரித்துப் பார்த்தாள் என்று கணக்கில்லை. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அந்தத் தாளில் நிலத்துக்கு மேலே வருவதெல்லாம் இருக்கிறது, நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கோடும் இல்லை. அதனால்தான் வேலையைத் தொடங்க நான் விடவில்லை. நீ பேசி ஒழுங்குபடுத்திய கொந்தராத்துக்காரர் இரண்டு லோடு கிரவலோடு வாசலுக்கு வந்தார், தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்குப் போனில் நீ போட்ட சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். "ஆவணியில கலியாணம், ஆனியும் பிறக்கப் போகுது, நீங்க இன்னும் மண்ணக் கிண்டிக்கொண்டு நிக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டாய். ஓம், மண்ணைத்தான் கிண்டினேன். கண்டதைப் போனில் சொல்ல முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் பயந்து பாதியில் நிறுத்திவிடுவேன். கடிதமென்றால் கடைசி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், வீடு பெண்பிள்ளைக்கு. இந்த வளவு நிலம் என் தாய் எனக்கு எழுதித் தந்தது. கலியாணத்தோடு இது சுபாவுக்கும் வரப்போகிற மருமகனுக்கும். நான் பக்கத்தில் கட்டுகிற அறைக்குப் போய்விடுவேன். தங்கச்சிக்குச் செய்யவேண்டியதை நீ கத்தார் வெயிலில் நின்று செய்கிறாய், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலை புது அறையைப் பற்றியதும் இல்லை. நான் அவளுக்கு எழுதிக் கொடுக்கப்போகிற வீட்டின் குசினி மூலையைப் பற்றியது. அந்த வெடிப்பை நீ மறந்திருக்கமாட்டாய். யன்னலின் கீழ் மூலையில் தொடங்கிப் படிப்படியாக அத்திவாரம் வரைக்கும் இறங்குகிறதே, அது. நீ போகும்போது அதில் சுண்டுவிரல் நுழையும். இப்போது பெருவிரல் நுழைகிறது. சாந்து பூசினால் ஒரு மாரி தாங்கும், அடுத்த மாரியில் திரும்பத் திறக்கும். அது ஏன் வந்தது என்று சரியாகத் தெரிந்தவள் இத்தனை வருடமும் நான் ஒருத்திதான். பிள்ளைக்கு வீட்டைக் கொடுக்கும்போது அந்த ரகசியத்தையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்பா வெட்டின பங்கர் உனக்கு நினைவிருக்கும். அது எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியாது. முருங்கைக்குப் பக்கத்தில் என்பாய். அந்த முருங்கை எங்கே? பழைய குசினி எங்கே, வேலி எங்கே? எல்லாவற்றையும் சுனாமி கொண்டு போய்விட்டது. அடையாளம் போனால் சொந்த வளவிலும் இடம் தெரியாது. ஷெல் அடிக்கும் நாட்களில் நாங்கள் நாலு பேரும் அதற்குள் இருந்திருக்கிறோம். நீ எட்டு வயதில் அப்பாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு மூன்று பேராக இருந்திருக்கிறோம். சுனாமி வந்து போன ஆறாம் நாள் நான் மட்டும் வளவுக்கு வந்தேன், நீ சுபாவோடு பள்ளிக்கூட முகாமில் இருந்தாய். பங்கர் வாய்வரைக்கும் நிரம்பியிருந்தது. கடல் மண், மரக்கிளை, ஓட்டுத் துண்டு, யாருடையதோ சாரன், யாருடையதோ சட்டி. அதைக் கிளறிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேலே போட்டிருந்த பனங்குற்றிகளை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அப்பா தோளில் சுமந்து வந்து அடுக்கின குற்றிகள் அவை. இடிந்த சுவர்க் கற்களை அதற்கு மேலேயே தள்ளி, மண்ணை இழுத்து மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போனேன். மரம் உக்கும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை.

அது பிழையில்லை. பிழை பிறகு வந்தது. வீட்டுத் திட்டக்காரர் படிவத்தோடு வரப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் கோயில் வாசலில் ஊர் கூடியது. பங்கர் இருந்த வளவென்றால் வீடு தரமாட்டார்களாம், வேறு இடத்துக்குத் தூக்குவார்களாம், ஆமி வந்து வளவு முழுக்கக் கிண்டுமாம் என்று ஆளுக்கொரு கதை. எங்கிருந்து வந்த கதையென்று யாரும் கேட்கவில்லை. ஒருவரும் பங்கரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவானது. பதினைந்து வருடமாகப் பங்கருக்குள் பிள்ளை வளர்த்த ஊர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது. உத்தியோகத்தர் என் வளவில் நின்று, "கிணறு, குழி, பங்கர் ஏதும் மூடின இடம் இருக்கா அம்மா?" என்று கேட்டார். "இல்ல சேர்" என்றேன். வீடு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சாத்திரியார் நல்ல நிலையம் எடுத்துத் தந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. அவர் வைத்த முளைகளில் நாலாவது முளை பங்கரின் ஓரத்தில் போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்தது இஸ்மாயில் மேசன். ஏறாவூரிலிருந்து வந்து நம் வரிசைக்கு வீடு கட்டினாரே, உனக்கு அவரை நன்றாகத் தெரியும். அத்திவாரக் கான் வெட்டின அன்று அவர் அந்த மூலையில் குந்தி இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார், மணந்தார், உள்ளங்கையில் உருட்டினார். அலவாங்கைத் தூக்கிப் போட்டார். மற்ற மூன்று மூலையிலும் ஒரு சாண் இறங்கின இரும்பு அங்கே முழங்காலளவு இறங்கியது. என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, இந்த மண் வேற மாதிரி இரிக்கி. இஞ்ச குழி ஏதும் கிடந்ததா? மறைக்காமச் செல்லுங்க" என்று கேட்டார். "இல்ல நானா, சுனாமி கொண்டுவந்து போட்ட மண்தான் அது" என்றேன். அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிட்டுக்கொண்டே சொன்ன இரண்டாவது பொய். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கானைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே அந்த மூலையை மட்டும் இன்னும் ஓரடி ஆழமாக்கினார். அதற்குக் கீழே போக அவருக்கு அனுமதியில்லை. கடதாசியில் இருந்த அளவுக்கு மேல் தோண்டினால் மேற்பார்வைக்காரர் கத்துவார்.

மாரி வந்தது, நிலம் ஊறியது, மூலை கீழே இறங்கியது, சுவர் பிளந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீயே செய்தாய், நானே செய்வித்தேன். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் சனம் கூடி நிற்க, தகப்பன் வயதுள்ள மனிதரை நீ "நீ" என்று பேசினாய். "சீமெந்த வித்துத் திண்ட கள்ளன்" என்றாய். அவருடைய ரசமட்டத்தைப் பிடுங்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்தாய். அவர் அதை எடுத்துச் சாரனில் துடைத்துக்கொண்டு, "மகன், சுவரப் பாத்துப் பேசாதீங்க, கீழ தோண்டிப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். உனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. இரத்தம் சூடான வயது. உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. அங்கே குழி ஒன்றும் இருக்கவில்லை என்ற உன் தாயின் சொல்லை நீ நம்பினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வீடு போய்விடும் என்று பயம், ஊர் என்னைத் திட்டும் என்று பயம், உனக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்கப் பயம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அன்றைக்கு நம் ஒழுங்கையில் நடந்தது. அவர் ஏறாவூர் முஸ்லிம் ஆள் என்பதால் நம் சனம் அதை நம்புவதற்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வரிசையில் மிச்சமிருந்த வீடுகளிலிருந்து அவரை நிறுத்தினார்கள். நம் பக்கத்து ஊர்களில் அவருக்கு வேலை கொடுப்பதும் அதோடு நின்றது. நீ அங்கே புதிதாக வேலைக்கு வரும் பொடியன்மாருக்குக் கெட்ட மேசன் எப்படி இருப்பான் என்று இந்தக் கதையைத்தான் சொல்வாயாம். சுபா சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் கட்டிடம். சுனாமி வீட்டுக்கு முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் ஒரு அறை, செட்டிபாளையம் வரைக்கும் ரோட்டோரம் கல்லும் மணலும் குவிந்து கிடக்கிறது. உன் பிளானும் வந்தது.  நீ இரண்டு அறையையும் கொண்டு வந்து அதே மூலையில் ஒட்டியிருந்தாய், அதுவும் பழைய சுவரோடு பீம் போட்டுக் கட்டி. அடுத்த நாள் காலையில் நானே அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்தேன். சுபா, "உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு அம்மா?" என்றாள். பேசாமல் வந்து மண்ணை அள்ளு என்றேன். மூன்று இடத்தில் தோண்டினோம். முதல் குழி நீ சுவர் கீறியிருக்கிற வாவிக்கரையில், கண்ணாப் பற்றைக்கு இங்கால். ஒரு முழம் மணல், அதற்குக் கீழே கறுத்தக் களி, அழுகின முட்டை மணம். உருட்டினால் இடியப்பம்போல நீளமாக வந்தது, உடையவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் ஊறிவிட்டது. இது வைகாசி வெயிலில். மார்கழியில் வாவி பொங்கினால் எவ்வளவு என்று நீயே யோசி. இரண்டாவது குழி குசினி மூலையில். இரண்டடியில் ஓட்டுத் துண்டு, பிறகு நீல நிறச் சாக்குக் கிழிசல், பிறகு உக்கின பனங்குற்றி. கையால் பிய்த்தால் தும்பாக வந்தது. அதற்குக் கீழே அலவாங்கு தன்பாட்டில் போனது. உள்ளே அடைந்து கிடந்த கிளையும் குப்பையும் உக்கி இறங்கி, வெறும் பொந்து. சுபா என் முகத்தைப் பார்த்தாள், நான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். மூன்றாவது குழி ரோட்டுப் பக்கம், இடுப்பளவு தோண்டியும் ஒரே நிற மணல், இறுக்கமான மணல், ஒரு குப்பையும் இல்லை.

சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பஸ் மாறி ஏறாவூருக்குப் போனேன். இரண்டு பேரைக் கேட்டதில் வீட்டைக் காட்டினார்கள். அவர் தலை நரைத்துப் போயிருந்தார், வேலையை விடவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, இரிங்க" என்றார், அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. குடிக்கவில்லை நான், முதலில் சொல்லிவிட்டேன். கான் வெட்டின அன்று நீங்கள் கேட்டீர்கள், நான் பொய் சொன்னேன், அங்கே பங்கர் இருந்தது, எனக்குத் தெரியும், என் மகனுக்குத் தெரியாது. இவ்வளவுதான். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டா, அவவின் கோபம் நியாயமானது.  நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். அவர், "எத்தின அடி?" என்று கேட்டார். ஆறடி என்றேன். "மேல மரமா, கொங்கிறீட்டா?" பனங்குற்றி என்றேன். "அப்ப இவ்வளவு காலம் நிண்டதே பெரிய விஷயம். அதுக்குப் பக்கத்தில ஆரையும் படுக்க விடாதீங்க" என்றார். சனிக்கிழமை வந்து பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கத்தாரில் பெரிய எஞ்சினியர்மாரோடு நிற்கிறாய், பிழையென்றால் கேட்டுச் சொல். புது அறைகளை ரோட்டுப் பக்கத்து மணலில் கட்ட வேண்டும். மணல் இறுக்கமாக, மேலிருந்து கீழ்வரை ஒன்றாக இருந்தால் அதைவிட நல்ல நிலம் இந்தக் கரையில் இல்லையாம். பழைய சுவரோடு கட்டவே கூடாது, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், ஒன்று கீழே இறங்கினால் மற்றதை இழுக்காது. வாவிப் பக்கம் உன் ஆளுயரச் சுவர் சரிவராது. களிக்கு மேலே அத்திவாரம் போட்டால் கோடையில் சுருங்கும், மாரியில் ஊதும், இரண்டு வருடத்தில் சுவர் வாவியைக் கும்பிடும். களியைக் கடந்து கீழே இருக்கிற மணலில் அத்திவாரம் நிற்க வேண்டும், ஒரு உயரச் சுவருக்குப் பதில் படிபோல உயரம் குறைந்த இரண்டு சுவர், பின்னால் கல்லும் சல்லியும், சுவரில் இடைக்கிடை ஓட்டை. உன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகன் வடிவாத்தான் கீறியிரிக்கார். தண்ணி வெளிய போக ஒரு ஓட்டயும் வைக்கல்லியே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் கொஞ்சம் வந்தது. அந்தச் சுவருக்கு இப்போது அவசரமில்லை, அடுத்த கோடையில் கட்டலாம். குசினி மூலைதான் அவசரம். சுவருக்கு முண்டு கொடுத்து, மூன்றடி மூன்றடியாக மட்டும் கீழே திறந்து, உக்கின மரத்தையும் குப்பையையும் எடுத்து, கொங்கிறீட் நிரப்பி, அது இறுகின பிறகு அடுத்த மூன்றடி. ஒரேயடியாகத் திறந்தால் குசினி முழுவதும் குழிக்குள் வரும். மாரிக்கு முந்தி முடிக்க வேண்டும், பங்கருக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு கை வைக்க முடியாது. உன் கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன். இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார், கீழே என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

நீங்களே செய்து தாருங்கள் நானா என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, "மண்ண நான் செல்லிட்டன். வேலைக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எனக்கிட்டச் செல்லிட்டீங்க தங்கச்சி, அது சரி. அண்டைக்கு ஒழுங்கையில நிண்ட சனத்துக்கு ஆர் செல்ற? நான் இந்த வாசலால வந்து போகணுமே" என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை. செவ்வாய்க்கிழமை கோயில் பூசை முடிந்து சனம் கலையும் முன்னே நான் எழும்பி நின்று சொன்னேன். பங்கரையும் என் பொய்யையும் சொல்லி, மேசன் கள்ளனில்லை என்றேன்.  பிறகு பக்கத்து வளவுப் பூமணி அக்கா, "எங்கட புது விறாந்தைக்குக் கீழயும் ஒண்டு கிடக்கு கா, நான் பொடியனுக்குச் சொல்லல்ல" என்றா. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் தொடங்கினார்கள். அந்தக் கிழமை முழுவதும் வளவு வளவாகத் தடி நட்டுப் பங்கர் இருந்த இடங்களை அடையாளம் வைத்தார்கள். மூன்று பேர் அத்திவாரத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இஸ்மாயில் மேசனுக்கு இதை அறிவித்தேன். "நல்ல வேல செய்தீங்க, சனம் தப்பும்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை, ஏனென்றால் இனி கேட்க வேண்டியவள் நானில்லை.

பொய் என்னுடையது, அதை நான் திருப்பி எடுத்துவிட்டேன். கள்ளன் என்ற சொல் உன்னுடைய வாயால் வந்தது. உனக்காக நான் மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு, அந்த மனிதருக்குப் பாதி போதாது. அவர் இதை உன்னிடம் கேட்கவில்லை, ஒரு நாளும் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். அதைச் சுமக்க எனக்குத் தெரியும், கலியாணத்துக்கு வரும்போது நேரிலே ஏசு. ஆனால் என்மேலுள்ள கோபத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு இதைப் பின்போடாதே, வெடிப்பு உன் கோபம் தணியும் வரைக்கும் காத்திருக்காது. அவருடைய நம்பரைச் சுபா உனக்கு அனுப்புவாள். பின்னேரம் அஸர் தொழுது முடித்து வீட்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து எடு. சுவரைப் பற்றியோ குசினியைப் பற்றியோ கதைக்காதே, அன்றைக்குச் சொன்ன சொல்லைப் பற்றி மட்டும் கதை. உன் குரலைக் கேட்டவுடன் அவர் போனை வைத்துவிடக்கூடும். வைத்தால் அடுத்த நாளும் எடு.

அம்மா